வட்டத்துக்குத் தலை ஏது

உப்புக் காய்ச்சுகிறவன் வீட்டில் சாவு விழுந்தது என்று கடல் ஒருநாள்கூடப் பொறுக்காது. மாதத்துக்கு இரண்டு தடவை, ஏழெட்டு நாள், ஓதம் மேட்டுச் சேற்றைத் தொடாமல் கீழேயே திரும்பிப் போகும். அந்த நாட்களுக்குள் சேற்றை உழுது, பரம்படித்து, காய்ந்து வெள்ளை பூக்கிற வரை திரும்பத் திரும்பப் புரட்டிப் போட வேண்டும். தவறவிட்டால் பெரிய ஓதம் வந்து பட்ட பாட்டையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மோரெகொல் ஊரில் அந்த வசந்தத்தில் பத்து வீடுகளில் ஏர் பிடிக்க ஆண் இல்லை. பெண்கள் பாவாடையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்கள். மேற்கிலிருந்து மஞ்சள் புழுதி வீசி, எல்லோர் வாயிலும் மண் நறநறத்தது.

"ஏ சொசான்காரி! மாட்டை இடப்பக்கம் இழு! அது போற போக்குல நீயும் போறியே, உன் புருஷன் மாதிரி!" என்று கத்திவிட்டு ஹேமிக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். சொசானிலிருந்து வந்தவளுக்குப் பொக்சிம் என்று ஒரு பெயர் இருப்பது அவள் புருஷன் தொக்பேக்கு மட்டும்தான் நினைவிருந்தது. அவன் செத்து நாலு நாள் ஆகியிருந்தது.

"சொல்ல வந்ததை ஏன் முழுங்குறே அக்கா?" என்றாள் பொக்சிம். "நெசந்தான? அவரு என்னைக்கு மாட்டை ஓட்டினாரு? மாடுதான் அவரை ஓட்டும்."

இருவரும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பிலேயே பொக்சிம் குனிந்து மாட்டுக் கயிற்றை இழுத்தாள். ஹேமிக்காரி பரம்புக் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வேறுபக்கம் பார்த்து நடந்தாள். அவள் புருஷன் சுன்போவும், பொக்சிமின் கொழுந்தன் இன்சூவும், இன்னும் எட்டுப் பேரும் சந்தை ஊர் போலீஸ் கச்சேரியில் கிடந்தார்கள்.

ஜப்பான்காரன் ஆள வந்து ஒன்பது வருஷம். சொந்த மலையில் சுள்ளி பொறுக்கினால் அபராதம், காய்ச்சின உப்புக்கு அவன் சொன்னதுதான் விலை. பழைய ராஜா செத்த துக்கத்துக்கு நாடே வெள்ளைத் தொப்பி போட்டிருந்த மாதத்தில், தலைநகரில் ஜனங்கள் தெருவில் இறங்கி 'மான்செ' என்று, நாடு பத்தாயிரம் வருஷம் வாழணும் என்று, கத்தினார்களாம். சேதி சந்தைக்குச் சந்தை தாவி மோரெகொல்லுக்கும் வந்துசேர்ந்தது. அடுத்த சந்தையில் நாமும் கத்துவோம் என்று பதினோரு ஆண்கள் முடிவெடுத்து, ஒரு சோற்றுக் கிண்ணத்தைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டைச் சுற்றி வட்டமாகப் பெயர் எழுதினார்கள். வரிசையாக எழுதினால் முதல் பெயர்க்காரன் தூக்குக்குப் போவான். வட்டத்தில் முதல்வனும் இல்லை, கடைசியும் இல்லை. அப்பன் பாட்டன் காலத்தில் வரி எதிர்த்துக் கிளம்பியவர்கள் செய்த தந்திரம் அது. சந்தையில் துப்பாக்கி வெடித்தபோது தொக்பே விழுந்தான். மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காகிதம் தரையில் மிதிபட்டுக் கிடந்து போலீஸ் கையில் சிக்கியது.

தொக்பேயின் உடம்பை இன்னும் தரவில்லை. பொக்சிம் அவனுடைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து ஆட்டி, மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். உயிர் வீட்டுக்கு வந்திருக்கும். உடம்பு வரவில்லை. ஒற்றைப்படை நாளில்தான் பிணம் எடுப்பார்கள்; ஐந்தாம் நாள் எடுக்க முடியாவிட்டால் ஏழாம் நாளாவது எடுத்துவிட வேண்டும் என்று தவித்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் கரைமேல் காக்கிச் சட்டை ஒன்று வந்து நின்றது. தொப்பி கையில் இருந்தது. பக்கத்து ஊர் படகுக்காரன் மகன் பில்ஹோ. ஜப்பான் போலீஸில் துணைக் காவலனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"என்னலே பில்ஹோ, தொப்பிய ஏன் கையில பிடிச்சிருக்கே? தலை சிறுத்துப் போச்சா?" என்றாள் ஹேமிக்காரி.

"வம்பு பண்ண வரலக்கா. ஒரு சேதி சொல்லிட்டுப் போயிருதேன்."

"எங்க வீட்டுக்காரரு உடம்பு?" என்றாள் பொக்சிம். கலப்பையை விட்டுவிட்டுச் சேறு தெறிக்கக் கரைக்கு ஓடினாள். "எப்பத் தர்றாக?"

பில்ஹோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கொட்டகையில வைக்கோல் போட்டு மூடி வச்சிருக்கு. நான்தான் மூடினேன். தலைவன் யாருன்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம்கிறான் அதிகாரி."

"தலைவனா? வட்டத்துக்குத் தலை ஏதுலே?"

"அதை அவன்கிட்ட நீ சொல்லு. நாலு பேரு சேர்ந்து நடந்தாலே முன்னால ஒருத்தன் போவான்கிறான். உள்ள இருக்கவுகளுக்கு தினம் முப்பது அடி. மூணு நாள்ல தொண்ணூறு ஆச்சு. இன்னும் அவன் கேட்டது கிடைக்கல." குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குக் காலைல இங்க வாரான். கிண்ணம் தேட."

"கிண்ணமா?"

"காகிதத்துல வட்டம் ஒரு எடத்துல உள்ள நசுங்கியிருக்கு. விளிம்பு உடைஞ்ச கிண்ணம்னு கண்டுபிடிச்சிட்டான். எவன் வீட்டுக் கிண்ணமோ அவன்தான் தலைவனாம்."

பொக்சிம் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஹேமிக்காரி அவளைப் பார்க்காமல், "உடைச்சுக் கடல்ல போட்டுட்டா?" என்றாள்.

"கிண்ணம் காணாமப் போன வீடுதான் அந்த வீடுன்னு வச்சுக்கிருவான். ஆம்பளைக்கு ஆம்பளை மூடிபோட்ட கிண்ணம் தனியா இருக்கும்னு அவனுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கேட்டான். சொன்னேன்."

"நல்லாருப்பே," என்றாள் ஹேமிக்காரி. "உங்கப்பன் படகு ஓட்டினான், ஊரு ஆத்தைத் தாண்டுச்சு. நீ ஊரைத் தண்ணியில இறக்குறே."

பில்ஹோ கடலைப் பார்த்தபடி சொன்னான். "தலைவன் கிடைச்சா மத்தவுகள விட்டுருவாக. அவனை மட்டும் மேல அனுப்புவாக. தூக்கோ, பத்து வருஷமோ. செத்தவனைத் தூக்குல போட முடியாதுல்ல. ஆனா உடம்பு கிடைக்காது. தலைவன் உடம்பைக் குடுத்தா ஊரே பாடை பின்னால வரும்னு பயப்படுறான். மலைக்கு அந்தப் பக்கம் எரிச்சு, சாம்பலைக்கூடத் தரமாட்டான்." தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கிண்ணம் தொக்பேயினுடையது. கல்யாணமான முதல் வருஷம், கிணற்றடியில் கழுவும்போது பொக்சிம் கை வழுக்கி விளிம்பு போயிற்று. மாமியார் உயிரோடு இருந்த காலம், தெரிந்தால் தொலைந்தாள். தொக்பே அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து பன்னிரண்டு வருஷம், உடைந்த பக்கம் தன் வயிற்றைப் பார்க்கும்படி திருப்பி வைத்தே சாப்பிட்டான்.

இருட்டுவதற்கு முன் பத்து வீட்டுப் பெண்களும் உப்புக் கொட்டகையில் கூடினார்கள். காய்ச்சுகிற சட்டி ஆறிக் கிடந்தது. பார்லிச் சோறும் உப்பிட்ட இறாலும் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒருத்தியும் தொடவில்லை. யார் பேசுவது என்று எல்லோரும் ஹேமிக்காரியையே பார்த்தார்கள்.

"சொசான்காரி, நான் சுத்தி வளைக்கல," என்றாள் அவள். "தொக்பேதான் தலைவன்னு நாளைக்கு நீ சொல்லணும்."

"எங்க வீட்டுக்காரரா?" பொக்சிமுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "அக்கா, அவரு கயிறு வாங்கப் போனவரு. சந்தைக்குப் போறோம், அப்படியே எட்டு முழம் கயிறு வாங்கிட்டு வாறேன், ஓதம் ஏறுறதுக்குள்ள வந்திருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. கிண்ணம் கேட்டாக, குடுத்தாரு. எல்லாரும் எழுதினாக, எழுதினாரு. கூட்டத்துல பேசச் சொன்னா குனிஞ்சு செருப்பைப் பார்ப்பாரு. அவரு தலைவரா?"

"தெரியும்டி. ஊருக்கே தெரியும்."

"உசிரோட இருந்தப்ப அவரை ஒருத்தரும் ஒருநாளும் முன்னால நிக்க விட்டதில்ல. செத்தப்புறம் இழுத்து முன்னால நிறுத்துறீக."

மூலையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"உடம்பு தரமாட்டாகக்கா," என்றாள் பொக்சிம். "கேட்டியில்ல. ஒரு குழி வேண்டாமா அவருக்கு? குழிமேட்டுப் புல்லு வெட்டுற நாள்ல நான் எங்க போயி வெட்டுவேன்? திவசத்துக்குச் சோறு வச்சா எங்கேருந்து எந்திரிச்சு வருவாரு? போக எடம் இல்லாம ரோட்டு ரோட்டா அலைவாரே. பேசத் தெரியாத மனுசன், யாருகிட்ட வழி கேட்பாரு?"

இதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். நாலு நாளாக ஏர் பிடித்த கை இரண்டும் மடியில் செத்த மீன்போலக் கிடந்தன. ஹேமிக்காரி எழுந்து வந்து அவள் முன்னால் மண்டியிட்டாள். அவள் பொக்சிமைவிடப் பத்து வயசு மூத்தவள். ஊரில் யாருக்கும் தலைகுனியாத வாயாடி. அவள் நெற்றியைத் தரையில் வைத்தாள்.

"எந்திரிங்கக்கா. எந்திரிங்க, அசிங்கமா இருக்கு."

"எந்திரிக்க மாட்டேன். என் மனுசனுக்கு அம்பது வயசு. தொண்ணூறு அடி தாங்கியிருக்கு அந்த முதுகு. இனி ஒண்ணு விழுந்தா போயிரும். எனக்காக வேண்டாம். உன் கொழுந்தனைப் பாரு. கிண்ணம் உன் வீட்டுது. நீ வாயைத் திறக்காட்டி அந்த வீட்டுல மிச்சம் இருக்க ஆம்பளை யாரு? இன்சூதான? பத்தொன்பது வயசு, பொண்ணு பேசி வச்சிருக்கே. அவனைத்தான் தூக்குவான். செத்தவுகளா, இருக்கவுகளா? நீயே சொல்லு."

பொக்சிம் கட்டிவந்தபோது இன்சூவுக்கு ஏழு வயசு. தாயில்லாமல் போன பிறகு அவள் கை பார்த்து வளர்ந்தவன். கையெழுத்துப் போடாதே என்று அண்ணன் சொல்லியும் கேட்காமல் போட்டவன். 'ஒரு வீட்டுக்கு ஒரு பேரு போதாதா' என்று தொக்பே முணுமுணுத்தது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது.

"சொல்றேன்," என்றாள். "இறாலை எடுத்து மூடுங்க. ஈ மொய்க்குது."

காலையில் அதிகாரி வந்தான். சின்ன ஆள், பூட்ஸில் சேறு படக்கூடாது என்று பலகை போட்டு நடந்தான். கிராமத்துக் கிண்ணங்கள் எல்லாம் பாயில் வரிசையாக இருந்தன. அவன் காகிதத்தை எடுத்து முதல் கிண்ணத்தின்மேல் வைக்கப் போகும்போதே பொக்சிம் முன்னால் வந்தாள்.

"தேட வேண்டாம். அந்த மூணாவது. எங்க வீட்டுக்காரர் தொக்பேயோடது. அவருதான் தலைவரு. ஊரைக் கூட்டினது, எழுதச் சொன்னது, கத்தச் சொன்னது எல்லாம் அவருதான்."

பில்ஹோ அதை ஜப்பான் மொழியில் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறக்கவில்லை. சின்ன வயசில் தொக்பேயின் மாடு அறுத்துக்கொண்டு ஓடியபோது இவன்தான் பிடித்துக் கொடுத்தவன். பொக்சிமை ஒரு தடவை பார்த்தான். 'சொல்லுலே' என்பதுபோல அவள் தலையசைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அதிகாரி காகிதத்தைக் கிண்ணத்தின்மேல் வைத்து மெல்லச் சுழற்றினான். நசுங்கின இடமும் உடைந்த இடமும் பொருந்தின. அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. வேறொரு காகிதத்தில் என்னவோ எழுதி, அவள் கட்டைவிரலில் மை தடவி அழுத்தினான்.

"எல்லாரையும் விட்டுருவாகதான?" என்று கேட்டாள் பொக்சிம்.

பில்ஹோ கேட்டான். அதிகாரி ஏதோ சொன்னான். "விட்டுருவாகளாம்," என்றான் பில்ஹோ.

அன்றைக்கே வருவார்கள் என்று பெண்கள் கரையில் போய் நின்றார்கள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஓதம் ஏறுகிற நாட்கள் நெருங்கிவிட்டதால், காய்ந்த சேற்றைச் சுரண்டி, உப்புநீர் வடிகிற குழியைச் சுற்றிக் குவித்தார்கள். பொக்சிம் எல்லோரையும்விட வேகமாகச் சுமந்தாள். நின்றால் மலைக்கு அந்தப் பக்கம் புகை தெரிகிறதா என்று கண் போய்விடும். மூன்றாம் நாள் மத்தியானம் ரெண்டு மாட்டு வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் ஆறு பேர், அடுத்ததில் மூன்று பேர், எல்லோரும் குப்புறக் கிடந்தார்கள். அந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் பாயில் சுருட்டிய சுன்போ கிடந்தான்.

ஹேமிக்காரி பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க," என்று மட்டும் சொன்னாள். பத்து வீடு தள்ளிப் போன பிறகுதான் அவள் குரல் கேட்டது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது.

இன்சூவை, அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றின அறைத் தரையில் குப்புறப் போட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பொக்சிம் உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று வெந்நீரில் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து ஊறவைத்து எடுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பாதிச் சட்டை பிரிந்து வந்தபோது பேசினான்.

"மூணே நாள்ல முடிஞ்சிருக்கும் மதினி."

"பேசாத. படுத்துக்க."

"நாங்க பத்துப் பேரும் ஒரே பதில்தான் சொன்னோம். யாரு தலைவன்னு கேட்டா, 'நான்தான்'. தனித்தனியாத்தான் அடிச்சான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே விடல. யாரும் பேசி வச்சுக்கல. ஆனா சுன்போ அண்ணனும் 'நான்தான்'னுட்டாரு, நானும் 'நான்தான்'னுட்டேன், எல்லாரும். பத்துத் தலைவனை வச்சுக்கிட்டு அவன் முழிச்சான் மதினி! நாலாம் நாளு அடிக்கவே இல்ல. அன்னைக்கு ராத்திரி பில்ஹோ வந்து சொன்னான், மேலிடத்துல கேட்டிருக்காகளாம், தொண்ணூறோட எல்லாரையும் விடச் சொல்லப்போறாகளாம், கிண்ணம் கிடைக்காட்டி அவ்வளவுதான்னு." மூச்சு வாங்கினான். "அஞ்சாம் நாளு அவன் ஒரு காகிதத்தோட வந்தான். கைநாட்டு வச்ச காகிதம். தலைவன் அண்ணன்தானாம். அப்ப நீங்க பத்துப் பேரும் பொய்யனுகதானன்னு சொல்லி, பொய்க்கு அறுபது. மறுபடி ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிச்சான். சுன்போ அண்ணன் முப்பத்திநாலுல எண்ணிக்கைய நிறுத்திட்டாரு."

துணி பொக்சிமின் கையில் ஆறிப்போயிற்று. அவள் அதை மறுபடி வெந்நீரில் முக்கவில்லை.

"அண்ணன் பேரை யாரு மதினி குடுத்தது? எந்த நாயி?"

அவன் முகம் தரையைப் பார்த்திருந்தது நல்லதாயிற்று. பொய் சொல்லலாம். மற்ற பெண்கள் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பையனிடம் அவள் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை.

"நான்தான் தம்பி குடுத்தேன்," என்றாள். "நீ பிழைக்கணும்னு."

இன்சூவின் தோள்கள் குலுங்கின. முதலில் சிரிக்கிறான் என்று நினைத்தாள். "அண்ணனையா?" என்றான். "மாட்டுக்குப் பயந்த மனுசனையா?" பிறகு அழுதான். கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கிண்ணத்தைக் கையால் ஒதுக்கினான். கோபத்தில் செய்யவில்லை, அவள் கை பட்டதைத் தின்ன அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அது அவளுக்குப் புரிந்தது.

பொக்சிம் எழுந்து பெட்டியைத் திறந்தாள். தொக்பேக்காகச் சணல் துணி வெட்டி, கூரைமேல் ஏறி அவனைக் கூப்பிட்ட நாளிலிருந்து உழவு முடிந்து வந்து தைத்து வைத்திருந்தாள். சட்டை, கால்சட்டை, முகம் மூடுகிற துணி, கையுறை, காலுறை. பிணத்துக்குத் தைக்கிற நூலில் முடிச்சுப் போடக்கூடாது. போட்டால் செத்தவன் மனசு எங்காவது சிக்கிக்கொள்ளும். ஒரு முடிச்சு இல்லாமல் தைத்திருந்தாள். அதையெல்லாம் மடித்து எடுத்துக்கொண்டு ஹேமிக்காரி வீட்டுக்குப் போனாள்.

அங்கே சுன்போவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஹேமிக்காரி தலைவிரித்து அவன் காலடியில் உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. முதல் வண்டியில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் அதையே சொல்லியிருந்தார்கள். பொக்சிம் வாசலிலேயே நின்றாள். திட்டுவாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஹேமிக்காரி அவள் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். "நான்தானடி உன்னைச் சொல்ல வச்சேன்," என்றாள். குரல் உடைந்து காற்றுதான் வந்தது. "நெத்திய வேற தரையில வச்சுக் கேட்டேன்."

"தச்சது இருக்கு," என்றாள் பொக்சிம். "சும்மாதான கிடக்கு. இவருக்குப் போடுங்க."

"தொக்பேக்குத் தச்சதா?"

"அவருக்கு இனி எதுக்கு?"

இருவரும் சேர்ந்து சுன்போவுக்கு உடுத்தினார்கள். அடிபட்ட முதுகில் துணி உரசிவிடக்கூடாது என்று, வலிக்கும் என்பதுபோலவே, பார்த்துப் பார்த்து இழுத்தார்கள். தொக்பே உயரமான ஆள். கால்சட்டை சுன்போவின் பாதத்தைத் தாண்டி ஒரு சாண் நீளமாகக் கிடந்தது. கத்தரி எடுக்கவா என்று ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்று ஹேமிக்காரி தலையை ஆட்டிவிட்டு, மிச்சத் துணியை இரண்டு மடிப்பாக மடித்து உள்ளே செருகினாள். மறுகாலைப் பொக்சிம் மடித்தாள்.